பேரேட்டில் ஓர் ஏடு பழுதானால்

நம் சங்கங்களின் நூல் இருப்பும், கூலியும், பயிர்க்கடனும் பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு இடம் மாறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ஆதலின், பேரேட்டைக் கரையான் அரித்தால் என் செய்வது என்று கவலையுற்ற நாம், கணிப்பொறிக் கணக்கு பழுதுற்றால் என் செய்வது என்பதையும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

வங்கிகள் பலவற்றில் வழங்கும் ஆரக்கிள் தரவுத்தளத்தை உதாரணமாகக் கொள்வோம். அது கணக்குகளைச் சிறு கட்டங்களாக வட்டில் எழுதுகிறது. கட்டம் ஒன்றின் வழக்கமான அளவு 8,192 பைட்டுகள். அதனைப் பேரேட்டின் ஓர் ஏடு எனலாம். எழுதுங்கால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் பதிக்கிறது. மீண்டும் படிக்கையில் அவ்வெண் ஒத்து வராவிடில் அந்த ஏடு பழுது என்பது தெளிவு. வட்டுக் கோளாறு, நினைவகக் கோளாறு, மென்பொருட் பிழை முதலியன இதற்குக் காரணங்களாகும்.

அப்போது திரையில் தோன்றும் பிழைகளுள் இரண்டு முக்கியமானவை. ஓ.ஆர்.ஏ. 01578 என்பது, எந்தக் கோப்பில் எத்தனையாவது கட்டம் பழுது என்று எண்ணிட்டுச் சொல்லும். ஓ.ஆர்.ஏ. 00600 என்பது உட்பிழை. மென்பொருள் தான் எதிர்பாராத நிலையைச் சந்தித்தது என்பதே அதன் பொருள். அது தோன்றியதாலேயே கணக்கு அழிந்துவிட்டதென அஞ்ச வேண்டுவதில்லை.

இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைக் கண்டு பிணைக்கிறார். இங்கும் முறை அதுவே. பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கைப் பதிவேட்டை அழித்தலாகாது. பழைய நகலை எல்லாவற்றின் மீதும் அவசரமாக ஏற்றுதலும் தகாது. இடைப்பட்ட நாட்களின் வரவு செலவு மறையக்கூடும்.

அடுத்து, பழுதான கட்டம் எதனைச் சேர்ந்தது எனப் பார்க்க வேண்டும். பெயர் அட்டவணை போன்ற குறியீட்டைச் சேர்ந்ததாயின், பேரேட்டைக் கொண்டு அதனை மீண்டும் எழுதிவிடலாம், நஷ்டமில்லை. கணக்கையே சேர்ந்ததாயின், காப்பு நகலிலிருந்து அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்து, நாள்வழி போன்ற மாற்றப் பதிவேட்டைக் கொண்டு பின்வந்த பதிவுகளை ஏற்ற வேண்டும். ஆர்மேன் என்னும் கருவி இதனைச் செய்யும். ஆனால், நகலும் பதிவேடும் முன்னரே பாதுகாக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

பழுதான கட்டத்தைத் தாண்டிச் செல்லும் வழியும் உண்டு. வேலை தடையின்றி நடக்கும். ஆயின் அக்கட்டத்திலுள்ள அங்கத்தினர்களின் சேமிப்பும் கடனும் கூட்டலில் வாரா. மற்ற வழிகள் அற்றபோது எஞ்சியதை மீட்கவே இது உதவும். விடுபட்ட கணக்கைக் குறித்து வைக்காமல் இவ்வழியிற் செல்வது, ஏட்டைக் கிழித்துவிட்டு ஐந்தொகை போடுவதற்கொப்பாகும். பிழையைக் காட்டும் கணிப்பொறியைவிடப் பிழையை மறைக்கும் கணிப்பொறியே சங்கத்திற்குக் கேடு.

ஆகவே அங்கத்தினர்களே, பொதுக்குழுவில் இரு கேள்விகளைத் தவறாது கேளுங்கள்: காப்பு நகல் வேறோர் இடத்தில் உள்ளதா? அதனை மீட்டுப் பார்த்துச் சோதித்தது எப்போது? உங்கள் பாஸ் புத்தகத்திலும் அவ்வப்போது பதிவு பெற்று வாருங்கள். கணிப்பொறி தடுமாறும் நாளில் அதுவே உங்கள் சாட்சி.