இருக்கையின் உயரமும் முழங்காலின் கோணமும்

காலின் தசைகள் எவ்வளவு வலிமையை வெளிப்படுத்தும் என்பது முழங்கால் எந்த அளவுக்கு மடங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவதால், துவிச்சக்கர வண்டியின் இருக்கை சில சென்ரிமீற்றர் தாழ்ந்திருப்பதுகூட ஓட்டுபவரின் களைப்பையும் மூட்டு நலத்தையும் பாதிக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இன்றிச் சைக்கிளையே நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இது பழக்கத்தால் கைவந்த அறிவு. கொழும்பில் இருக்கையின் உயரம் பற்றிய கேள்வி பரவலாக எழுந்தது 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோதுதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதுவரை சைக்கிளைத் தொடாத பலர் அப்போது உழக்கத் தொடங்கினர்.

புதியவர்கள் பெரும்பாலும் இருக்கையைத் தாழ்த்தியே வைக்கின்றனர். காலி வீதியில் முன்னால் செல்லும் பஸ் திடீரென ஓரங்கட்டும்போது இரு பாதங்களையும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற அச்சம் நியாயமானதே எனினும், அதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. இருக்கை தாழும்போது முழங்கால் ஒருபோதும் போதிய அளவு நீளாமல், மிகவும் மடங்கிய நிலையிலேயே பாரத்தைத் தள்ள நேர்கிறது. அந்நிலையில் தொடையின் முன்தசை, முழங்காலின் முன்னுள்ள வட்ட எலும்பை மூட்டுக்குள் அழுத்துவதால், முன்முழங்கால் வலி தோன்றக்கூடும். மாறாக, இருக்கை மிக உயர்ந்தால் பெடலை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும். வலி முழங்காலின் பின்புறத்தில் தோன்றும்.

சரியான உயரத்தைக் கணக்கிடும் முயற்சிகளுள் அதிகம் பேசப்படுவது, 1967இல் ஹாம்லி, தோமஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவாகும். கவட்டிலிருந்து தரை வரையான உட்கால் நீளத்தின் 109 சதவீதம், மிகக் கீழே நிற்கும் பெடலிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டும் என்பது அவர்களது முடிவு; உட்கால் 76 சென்ரிமீற்றராயின் இது ஏறத்தாழ 83 சென்ரிமீற்றர். ஆனால் தொடைக்கும் கீழ்க்காலுக்கும் உள்ள விகிதமும் பாதத்தின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே சதவீதம் எல்லோருக்கும் ஒரே கோணத்தைத் தருவதில்லை. ஆகவே பெடல் கீழ்நிலையில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும் என்ற விதியே இன்று கூடுதலாக ஏற்கப்படுகிறது. கருவி எதுவுமின்றி இதனை அணுக ஒரு வழி உண்டு: குதிகாலைப் பெடலில் வைத்து, அது மிகக் கீழே வரும்போது கால் நேராக நீளுமாறு இருக்கையை அமைத்தால், பின்னர் முன்பாதத்தால் உழக்கும்போது தேவையான மடிப்பு தானாகவே கிடைக்கும். இவ்வுயரத்தில் இருக்கையில் அமர்ந்தபடி இரு பாதங்களையும் ஊன்ற இயலாது என்பதால், நிறுத்தும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றும் பழக்கத்தை முதலில் வெறிச்சோடிய ஒழுங்கையொன்றில் கற்றுக்கொண்டு, இருக்கையைச் சில நாள்களில் சிறிது சிறிதாக உயர்த்துவதே உசிதம். இருக்கையைத் தாங்கும் குழாயில் பொறிக்கப்பட்ட எல்லைக்கோடு வெளியே தெரியுமளவுக்கு அதை இழுத்துவிடக் கூடாது. உயரம் போதாவிட்டால் நீளமான குழாய் வாங்குவதே வழி.

அடுத்தது உழக்கும் வேகம். வலு என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவதாகையால், 100 வாட் வலுவை நிமிடத்துக்கு 60 சுற்றில் தருபவர், 17 சென்ரிமீற்றர் நீளமான கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) சராசரியாக ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ பாரத்துக்கு நிகரான விசையைச் செலுத்த வேண்டும். 90 சுற்றில் ஆறரைக் கிலோவுக்குக் கிட்டிய விசை போதும். எனினும் போட்டி வீரரின் 90 சுற்றைப் புதியவர் பின்பற்ற வேண்டியதில்லை, ஏனெனில் கால்களை வேகமாகச் சுழற்றுவதற்கே சக்தி செலவாகிறது. குறைந்த வலுவில் 50 முதல் 70 சுற்றே சிக்கனமானது. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் கொண்ட, கியர் மாற்ற இயலாத வண்டி, சில்லின் சுற்றளவு 2.1 மீற்றராயின், 60 சுற்றில் மணிக்குச் சுமார் 18 கிலோமீற்றர் செல்லும். மரைன் டிரைவ் போன்ற சமதரைக்கு அது பொருந்தும். புறக்கோட்டையிலிருந்து வுல்பெண்டால் தேவாலயம் நிற்கும் மேட்டைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறுபவருக்கோ அதே பல்லமைப்பு சுற்றை வெகுவாகக் குறைத்து, ஒவ்வொரு மிதியையும் முழங்காலின் மீது சுமத்தும்; கியர் உள்ளவர் மேடு தொடங்குமுன்னே இலகுவான கியருக்கு மாறிவிட வேண்டும், இல்லாதவர் எழுந்து நின்று உடற்பாரத்தால் மிதிக்கலாம், அல்லது வெட்கமின்றி இறங்கி உருட்டலாம்.

பெடலைக் கீழே மிதிப்பதோடு நில்லாமல் பின்காலால் மேலிழுத்து முழு வட்டமாகச் சுழற்ற வேண்டும் என்ற அறிவுரை பரவலாகக் கேட்கப்படினும், 2007இல் கோர்ஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மேலிழுக்க முயன்றபோது விசை சீராகப் பரவினாலும் உடலின் சக்திப் பயன்பாட்டுத் திறன் குறைந்தது. பாதத்தைப் பிணைக்காத சாதாரணப் பெடலில் மேலிழுப்பது எவ்வாறாயினும் இயலாத காரியம். முன்பாதத்தின் தடித்த பகுதியைப் பெடல் அச்சின் மேல் வைத்து, மேலெழும் காலை அதன் பாரம் எதிர்க்காலின் மீது விழாதவாறு இலேசாக விட்டால் போதுமானது.

கைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிமிர்ந்து அமரும் லுமாலா வகை வண்டிகளில் பாரம் இருக்கையின் மீதே விழுகிறது. முன்குனியும் மலைச் சைக்கிள்களில்தான் உள்ளங்கை நரம்பு அழுந்திச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. அப்போது கைப்பிடியைச் சற்று உயர்த்த வேண்டும்; இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், அதையே முதலில் நேராக்க வேண்டும்.