நடக்கும் மணலை மறித்தோம்

புதுச்சேரியில் காந்தி சிலைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் நடுவே இன்று மாலை வேளைகளில் ஜனங்கள் மணலில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே இருந்தது கருங்கல் குவியல்தான். கடற்கரை என்றால் பாறை அடுக்கிய சுவர் என்றே நினைத்து வளர்ந்த ஒரு தலைமுறை அந்த ஊரில் இருக்கிறது. போன மணல் எப்படிப் போனது, கொஞ்சமாவது எப்படித் திரும்பியது என்பதைப் புரிந்துகொண்டால், நம் கரை முழுவதிலும் நடக்கும் அரிப்பு புரிந்துவிடும்.

அலை ஓரத்தில் குனிந்து நின்று பாருங்கள். அலை கரைக்கு நேராக ஏறுவதில்லை; சற்றுச் சாய்வாக ஏறும். இறங்கும்போது மட்டும் சரிவைப் பிடித்து நேராக இறங்கும். ஏறும்போது தூக்கிய மணலை இறங்கும்போது ஓரிரு அடி தள்ளிப் போட்டுவிடும். அடுத்த அலை அதே மணலை இன்னும் ஓரடி நகர்த்தும். இரவு பகலாக நடக்கும் இந்த வேலையால் கரையோரம் முழுக்க ஒரு மணல் ஆறு ஓடுகிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும். வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போகும் மாதங்களே அதிகம். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே பயணம் செய்கிறது. கடற்கரை என்று நாம் பார்ப்பது இந்தப் பயணத்தில் சற்று நேரம் தங்கியிருக்கும் மணலைத்தான்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே நின்றது. தெற்குப் பக்கம் கரை அகன்றது. வடக்கே நகரத்தின் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலை மட்டும் அலை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போனது. இது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து அல்ல. தேங்கும் மணலை வாரி வடக்குப் பக்கம் கொட்டவேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டி முடிந்தது. மணல் வாரும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. நம் கடலோரத்தின் பெரிய துயரம் இந்த ஒரு வரியில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதற்கு முன்மாதிரி சென்னையிலேயே உண்டு. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. அதே காரணத்தால் வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரை கரைந்தது. மெரினாவைப் புகழ்கிற நாம் வடசென்னை கொடுத்த விலையைச் சேர்த்துச் சொல்வதில்லை.

புதுச்சேரியில் கரை கரையத் தொடங்கியதும் கல் கொட்டினார்கள். கல் சுவர் சாலையைக் காப்பாற்றும், மணலைக் காப்பாற்றாது. சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடிவாரத்தைத் தோண்டும், கல் உள்ளே இறங்கும், மறுபடி கல் கொட்டவேண்டும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பு தொடங்கும். இப்படியே அரிப்பு வடக்கே நகர்ந்து சோதனைக்குப்பத்தைத் தொட்டது. எல்லை தாண்டித் தமிழகத்தின் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போனது. ஒவ்வொரு குப்பமும் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கேட்டது. கேட்டதில் தவறே இல்லை. வீடு இடியும்போது வேறென்ன கேட்பார்கள்? ஆனால் ஒரு தூண்டில் வளைவு தன் தெற்கே மணலைப் பிடித்து வைத்து, வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்தைப் பட்டினி போடுகிறது. படகை இழுத்து நிறுத்தவும், வலையை விரித்துக் காயவைக்கவும், கரைவலை இழுக்கவும் மணல்தான் வேண்டும். பாறைமேல் இவற்றில் எதையும் செய்ய முடியாது.

2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வேறு வழியில் போனது. ஆப்பு வடிவில், சுமார் 60 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட பிரம்மாண்ட இரும்புப் பெட்டகம் ஒன்றைத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அமர்த்தினார்கள். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆழம் திடீரென்று குறைந்தால் அலை நிலைகொள்ளாமல் உடையும். தண்ணீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரத்தை அலை எட்டினாலே உடைந்துவிடும். அந்தச் செயற்கைத் திட்டின் மேல் பெரிய அலைகள் முன்கூட்டியே உடைந்து, கரைக்கு வரும்போது அடங்கிவிடுகின்றன. அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் கால் பங்காகக் குறையும். அடங்கிய நீரால் மணலைச் சுமக்க முடியாது. திட்டின் மறைவில் போட்டுவிடுகிறது. அதோடு துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலையும் கரையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மணல் மேடேறியது.

மணலைக் கொண்டுவந்து சேர்த்த அந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். மூழ்கிய திட்டு மணலை உண்டாக்குவதில்லை, வரும் மணலில் ஒரு பங்கை நிறுத்திவைக்கிறது. மணலே வராத கரையில் அதனால் பயனில்லை. மணலைக் கொட்டாமல் விட்டால் திட்டும் வடக்கே இருப்பவனின் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவில் இதே கதை, அதே எல்லைச் சிக்கலோடு நடந்தது. ட்வீட் ஆற்றின் முகத்துவாரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே 1960களில் சுவர்கள் நீட்டப்பட்டதும், வடக்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கூலங்கட்டா, கிர்ரா கடற்கரைகள் தேய்ந்தன. சுவர் ஒரு மாநிலத்தில், சேதம் அடுத்த மாநிலத்தில். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு இரண்டு அரசுகளும் 1990களில் ஒப்பந்தம் போட்டு, செலவைப் பகிர்ந்துகொண்டன. ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் 450 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம். அதன் அடியில் வரிசையாகப் பத்து உறிஞ்சு குழாய்கள். வரும் மணலை அவை நீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடக்கே தள்ளுகின்றன. 2001இலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் கன மீட்டர் மணல் இப்படிச் சுவரைத் தாண்டுகிறது. தொடக்கத்தில் அளவு மிஞ்சிப்போய் கிர்ரா கரை வேண்டியதற்கு மேல் அகன்றது, கடலடிப் பாறைகள் மூடிக்கொண்டன, அலைச்சறுக்கு வீரர்கள் கொதித்தார்கள். பிறகு அளவைக் குறைத்துக்கொண்டார்கள். குழாயில் போகும் மணலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. கல் சுவரில் அது முடியாது.

இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருப்பதாக அரசின் ஆய்வே சொல்கிறது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கல்லுக்கு நிதி ஒதுக்குகிறோம். திறப்பு விழா வைக்க அது வசதி. மணல் வாருவதற்கு விழா கிடையாது. துறைமுகம் இருக்கும்வரை மின்கட்டணம் போல ஆண்டுதோறும் கட்டவேண்டிய செலவு அது. புதுச்சேரித் துறைமுகத்தின் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சில கிலோமீட்டர் வடக்கே பொம்மையார்பாளையத்துக்கு அது வேண்டும். இடையில் இருப்பது ஒரு மாநில எல்லையும் இரண்டு அரசுகள் சேர்ந்து போடாத ஒரு கையெழுத்தும். ட்வீட் கரையில் அந்தக் கையெழுத்து விழ முப்பது ஆண்டு பிடித்தது. அரியாங்குப்பத்தில் சுவர் நீண்டும் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.