ஸ்கேன் ஊசி போட்டதும் உடம்பு சூடாகிறதா? எது சாதாரணம், எது அலர்ஜி?

சி.டி ஸ்கேனுக்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏறிய சில நொடிகளில் உடம்பெல்லாம் சூடு பரவும்; வாயில் உலோகச் சுவை தட்டும்; சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். பயப்படாதீர்கள், இது அலர்ஜி இல்லை. சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

அரிப்பு, தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது வேறு. உடனே அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். கடுமையான அலர்ஜி பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதுவரை வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

'இறால் ஒத்துக்காது, அதனால் அயோடின் ஊசியும் ஆகாது' என்பது தவறான நம்பிக்கை. இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் இல்லை.

முன்பு இதே ஊசியால் அலர்ஜி வந்ததா? அதுதான் முக்கியமான எச்சரிக்கை. ஸ்கேனுக்கு முன்பே சொன்னால், மருத்துவர் மருந்தை மாற்றியோ, வேறு ஸ்கேன் எடுத்தோ பார்ப்பார். மறைத்தால்தான் ஆபத்து!