‘தோல்வியே காணாதவர்’ என்றால் பெரிய ஆளா? குத்துச்சண்டை ரெக்கார்டை எப்படிப் பார்ப்பது?

தஞ்சாவூர் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியல் பெரிதாக இருக்கிறதே என்று அப்படியே எடை போட்டுவிட மாட்டார்கள். தூற்றிப் பதரைப் பிரிப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். குத்துச்சண்டையில் ‘இதுவரை தோல்வியே இல்லை’ என்று போஸ்டரில் வரும் வரியையும் இப்படித்தான் தூற்றிப் பார்க்கணும். ஏன்? நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது.

விஜேந்தர் சிங்குக்கு என்ன நடந்தது?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர் விஜேந்தர். 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறைப் போட்டிகளைத் தொடங்கினார். தொடர்ச்சியாக 12 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை.

2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சனைச் சந்தித்தார். லோப்சன் அதுவரை ஆடியது வெறும் 6 போட்டிகள். அதில் ஒரு தோல்வியும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் விஜேந்தருக்கு ஈஸி மேட்ச். ஆனால் ஐந்தாவது ரவுண்டில் விஜேந்தர்தான் வீழ்ந்தார்.

அடுத்து நடந்தது இதற்கு நேரெதிர். 2022 ஆகஸ்ட்டில் ராய்ப்பூரில் அவருக்கு எதிராக நின்றவர் கானாவின் எலியாசு சுல்லி. 8 போட்டி, 8 வெற்றி, எட்டுமே நாக் அவுட். கேட்டாலே பயமாக இருக்கும் ரெக்கார்டு. விஜேந்தர் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டார்.

தோல்வி கண்டவர் ஜெயித்தார், தோல்வியே காணாதவர் இரண்டு ரவுண்டுகூடத் தாங்கவில்லை. ஆக, அந்தப் பூஜ்ஜியம் மட்டும் எதையும் சொல்லிவிடாது.

பூஜ்ஜியத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?

வியாபாரம்தான் காரணம். ‘தோல்வியே காணாதவர்’ என்றால் டிக்கெட் விற்கும், டிவி உரிமை விற்கும். அதனால் வளரும் வீரருக்குப் புரொமோட்டர்கள் ஆரம்பத்தில் பலவீனமான எதிராளிகளையே பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். அனுபவம் சேர்வதற்கு அது ஓரளவு தேவையும்கூட. பத்து, பதினைந்து போட்டிக்குப் பிறகும் அதுவே தொடர்ந்தால்தான் சிக்கல்.

ஹெவிவெயிட்டில் ஏன் கூடுதல் கவனம்?

தொழில்முறைப் போட்டியில் 200 பவுண்டுக்கு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல் இருந்தால் ஹெவிவெயிட். மேல் வரம்பு கிடையாது. அந்த எடையில் ஒரே ஒரு குத்து கணக்கையே மாற்றிவிடும்.

1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசன் 37 வெற்றிகளோடு, தோல்வியே இல்லாமல் இறங்கினார். அவரை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸ் ஏற்கெனவே 4 முறை தோற்றவர். 2019 ஜூனில் நியூயார்க்கில் 22 வெற்றிகளோடு வந்த ஆண்டனி ஜோஷுவாவை, கடைசி நேர மாற்று ஆளாக வந்த ஆண்டி ரூயிஸ் ஏழாவது ரவுண்டில் சாய்த்தார்.

அப்போ எதைப் பார்க்கணும்?

* யாரை ஜெயித்தார்? எதிராளிகள் அந்தப் போட்டிக்கு முன்பு வெற்றியோடு வந்தவர்களா, வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தவர்களா?

* எப்போது ஜெயித்தார்? பெரிய பெயராக இருந்தாலும் 40 வயதைத் தாண்டி வந்தவரை வீழ்த்தியது வேறு கணக்கு.

* எத்தனை ரவுண்டு? எல்லாமே இரண்டாவது ரவுண்டில் முடிந்திருந்தால், எட்டாவது ரவுண்டில் மூச்சு எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாது.

* அடி வாங்கியிருக்கிறாரா? கீழே விழுந்து, எழுந்து, ஜெயித்த அனுபவம் வெற்றி எண்ணிக்கையில் தெரியாது.

* எங்கே ஜெயித்தார்? சொந்த ஊர், சொந்தக் கூட்டம் முன்னால் மட்டுமா?

அமெச்சூர் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளணும். சில வீரர்களுக்குத் தொழில்முறைப் போட்டிகள் குறைவாக இருந்தாலும், பின்னால் ஒலிம்பிக் வரை போன பயணம் இருக்கும்.

இந்தச் சோதனையில் தேறியவர் யார்?

உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2018-ல் மாஸ்கோவில் ரஷ்யாவின் முராத் காசியேவை வென்றார். 2021-ல் லண்டனிலேயே ஜோஷுவாவை வென்றார். 2024 மே மாதம் ரியாத்தில், அதுவரை தோற்றே இராத டைசன் ஃப்யூரியையும் வென்றார். அந்த நாள் வரை உசிக் ரெக்கார்டிலும் அதே பூஜ்ஜியம்தான். ஆனால் அது எதிராளியின் ஊருக்கே போய்ச் சேர்த்த பூஜ்ஜியம்.

ரசிகருக்கு இதனால் என்ன?

பொருந்தாத ஜோடியை மோதவிட்டால் நஷ்டம் டிக்கெட் காசோடு போகாது. பலவீனமானவர் தலையில் வாங்கும் அடிக்கு யாரும் ஈடு தர முடியாது. இன்னொரு பக்கம், பூஜ்ஜியத்தைக் காப்பாற்றியே வளரும் இளம் வீரர், உண்மையான சவால் வரும்போது தயாராக இருக்க மாட்டார். அடுத்த முறை ‘தோல்வியே காணாதவர்’ என்று போஸ்டர் பார்த்தால், அவரிடம் தோற்றவர்களின் பட்டியலை முதலில் தேடிப் பாருங்கள்.