மோட்டுவின் சமோசாவும் மூளையின் பசியும்

தாராவிச் சிறுவர்களுக்கும் "மோட்டு-பட்லு" தெரியும். மும்பையின் காஸ்மாஸ்-மாயா நிறுவனம் தயாரித்த இந்தச் சிரிப்புக் கார்ட்டூன், 2012-ம் ஆண்டு நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கியது.

ஆபத்து வந்தால் மோட்டுவுக்கு யோசனையே ஓடாது. வயிறு காலி! ஒரு சமோசா உள்ளே போனால் போதும், மூளையில் விளக்கு எரியும்.

இது வெறும் வேடிக்கையா? பாதி உண்மை என்கிறது விஞ்ஞானம்.

தீராத பசி

மனித மூளையின் எடை, உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தைகளின் மூளைக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுகோஸ் என்னும் சர்க்கரை. அதை மூளை அதிகம் சேமித்து வைக்க முடியாது. ரத்தம் இடைவிடாமல் கொண்டுவர வேண்டும். இரவில் நாம் தூங்கும்போது கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. விடியும்போது அந்த இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

மீதிப் பாதி

விழுங்கிய நொடியில் விளக்கு எரிவது கற்பனை. உணவு செரித்து ரத்தத்தில் கலக்க நேரம் வேண்டும். எண்ணெயில் பொரித்த சமோசா இரைப்பையில் அதிக நேரம் தங்கும். ஆவியில் வெந்த இட்லி சீக்கிரம் செரிக்கும்.

தமிழகத்தில் 2022 செப்டம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. மும்பையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில், வெறும் டீயோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை என்றால், அடிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "காலையில் என்ன சாப்பிட்டாய்?"