ஒரு சாண் தண்டு, நான்கு சக்கரம்

சரளைக் கல்லுக்குக் குதிரைத்திறன் மேல் மரியாதை கிடையாது. எஞ்சினில் 250 குதிரைகளைப் பூட்டிக்கொண்டு வந்தாலும், பின்சக்கரம் இரண்டும் கல்லை வாரி இறைத்துவிட்டு வெறுமனே சுழலும். ராலி பந்தயத்தின் அடிப்படைச் சங்கடமே இதுதான். வழுவழுப்பான வட்டத் தடத்தில் சுற்றிச்சுற்றி வரும் பந்தயம் அல்ல அது. காட்டுப் பாதை, மலைச்சாலை, உறைபனி எதுவானாலும் ஒவ்வொரு காராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மோத வேண்டும். 1970-களில் உலக ராலிகளை ஆண்ட லான்சியா ஸ்ட்ராடோஸ், ஃபோர்டு எஸ்கார்ட், ஃபியட் 131 எல்லாமே பின்சக்கர இயக்கம் கொண்டவை. அதற்கு முந்தைய பத்தாண்டில் மான்டி கார்லோ ராலியை வென்ற மினியும் சாபும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. எப்படிப் பார்த்தாலும் இரண்டு டயர்கள் உழைத்தன; மற்ற இரண்டும் கூடவே உருண்டு வந்தன.

இந்தக் கணக்கைக் குலைத்தது ஒரு ராணுவ வண்டி. 1976-77 குளிர்காலத்தில் ஃபின்லாந்தின் பனியில் ஆடி நிறுவனப் பொறியாளர்கள் புதிய கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே ஜெர்மன் படைக்காக உருவான வோக்ஸ்வேகன் இல்டிஸ் ஜீப்பும் ஓடியது. அதன் எஞ்சின் வெறும் 75 குதிரைத்திறன்தான். ஆனாலும் தன்னைவிட எவ்வளவோ வலுவான கார்களை அது பனியில் பின்னுக்குத் தள்ளியது. நான்கு சக்கரமும் இழுத்ததுதான் காரணம். இதைக் கவனித்த பொறியாளர் யோர்க் பென்சிங்கர், இந்த ஏற்பாட்டை ஒரு காருக்கு வைத்தால் என்ன என்று தன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக்கிடம் கேட்டார். 1978 ஜனவரியில் முன்மாதிரிக் கார் ஒன்று ஆஸ்திரியாவின் டுராகர் ஹோஹே கணவாயில் ஏறியது. நூறு மீட்டருக்கு 23 மீட்டர் உயரும் பனிச்சாலை. டயரில் சங்கிலி இல்லை. போட்டிருந்ததும் கோடைக்கால டயர்கள்தான்.

நான்கு சக்கர இயக்கம் அன்றைக்கே பழைய சரக்கு. ஜீப்பிலும் லாரியிலும் இருந்தது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் தனியாக ஒரு கனத்த பெட்டியை மாட்டி, அங்கிருந்து ஒரு தண்டை முன்னச்சுக்கும் இன்னொன்றைப் பின்னச்சுக்கும் அனுப்புவது வழக்கம். எடை, இரைச்சல், இடம் மூன்றையும் அது தின்றுவிடும். ஆடிக்காரர்கள் கண்ட வழி, என்னைக் கேட்டால், கார் வரலாற்றின் மிக அழகான சிக்கனங்களில் ஒன்று. கியர் பாக்ஸிலிருந்து ஆற்றலை வெளியே கொண்டுவரும் தண்டைக் குழாயாகக் குடைந்துவிட்டார்கள். அதன் நீளம் 263 மில்லிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்று மேல். எஞ்சினின் ஆற்றல் இந்தக் குழாயைச் சுழற்றியபடி பின்னோக்கிப் போகிறது. அதன் கடைசியில் ஒரு பல்சக்கர அமைப்பு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு நேராகப் பின்னச்சுக்கு. மற்றப் பங்கு, குழாயின் உள்ளே ஓடும் இன்னொரு மெல்லிய தண்டு வழியாக, வந்த வழியே திரும்பி முன்னச்சுக்கு! போவதும் வருவதும் ஒரே ஒரு சாண் இடத்துக்குள். கனத்த பெட்டியே தேவைப்படவில்லை.

நடுவில் நின்று பிரிக்கும் அந்த அமைப்பின் பெயர் வேறுபாட்டுப் பல்லிணை; பட்டறையில் டிஃபரன்ஷியல் என்பார்கள். கார் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. இரண்டையும் இறுகப் பிணைத்தால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வாகனம் நிறுத்துமிடத்தில் வண்டி குதித்துக் குதித்துத் திரும்பும். டிஃபரன்ஷியல் இரண்டையும் அதனதன் வேகத்தில் சுற்ற விடுகிறது. சரளையில் சக்கரம் எப்படியும் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும் என்பதால், ராலி ஓட்டுநர்கள் அதைப் பூட்டிவிட்டே ஓட்டியதும் உண்டு.

1980 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில், இந்த ஏற்பாட்டோடு ஆடியின் குவாட்ரோ கார் வெளிவந்தது. நான்கு சக்கர இயக்கத்தை ராலி விதிகள் அதற்குச் சற்று முன்புதான் அனுமதித்திருந்தன. 1981 மான்டி கார்லோவில் குவாட்ரோ ஓட்டிய ஹன்னு மிக்கோலா, தனக்கு ஒரு நிமிடம் முன்னதாகப் புறப்பட்ட ஸ்ட்ராடோஸை வழியிலேயே முந்தினார். விபத்தில் கார் சேதமாகும் முன் அவருடைய முன்னிலை கிட்டத்தட்ட ஆறு நிமிடம். ராலியில் வெற்றி தோல்வி விநாடிகளில் முடிவாகும் என்பதை நினைத்தால், இது மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது புரியும். அடுத்து நடந்த சுவீடன் ராலியை அவர் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் சான் ரெமோவில் இன்னொரு குவாட்ரோவில் மிஷேல் முத்தோன் வென்றார். உலக ராலிச் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் அவர். பக்கத்தில் அமர்ந்து வழி சொன்னவரும் ஒரு பெண்தான், ஃபாப்ரிட்ஸியா போன்ஸ். மறு ஆண்டு முத்தோன் மூன்று சுற்றுகளை வென்று, சாம்பியன் வால்டர் ரோர்லுக்கு அடுத்த இடத்தில் முடித்தார்.

ராலிப் பைத்தியங்கள் கண்ணை மூடிக்கொண்டே குவாட்ரோ வருவதைச் சொல்லிவிடுவார்கள். அதன் எஞ்சினில் ஒரே வரிசையில் ஐந்து சிலிண்டர்கள். எஞ்சினின் கிராங்க் தண்டு இரண்டு முறை சுழல்வதற்குள், அதாவது 720 பாகைக்குள், ஐந்தும் ஒருமுறை வெடித்தாக வேண்டும். ஆகவே 144 பாகைக்கு ஒரு வெடிப்பு. வரிசை 1-2-4-5-3. ஒன்றையடுத்து பக்கத்துச் சிலிண்டர், பிறகு ஒரு தாவல், மறுபடி பக்கத்துச் சிலிண்டர், மறுபடி தாவல். இந்தச் சீரற்ற தாளம்தான் குவாட்ரோவின் கரகரத்த பாட்டு. ஜெர்மனியின் டவுன் ஊரில் நடக்கும் ஐஃபல் ராலி திருவிழாவில், நேரக்கணக்கு எதுவும் இல்லாமல் இந்தப் பழைய கார்கள் சாலையில் பாய்கின்றன. கூட்டம் பார்க்க மட்டுமா வருகிறது? பாதிப் பேர் கேட்கத்தான் வருகிறார்கள்.

பிடிமானம் கிடைத்ததும் வலுவைக் கூட்டும் ஆசை வந்தது. அதற்கு வழி டர்போ. எஞ்சின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பார்கள். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். இந்த விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். நொடிக்கு 1,600-க்கும் அதிகம். சிக்கல் என்னவென்றால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகை குறையும், விசிறி தளரும். மறுபடி மிதித்தால் அது வேகம் பிடிக்கும் வரை எஞ்சின் சோம்பிக் கிடக்கும். பிறகு ஒரேயடியாகப் பாயும். இதை டர்போச் சுணக்கம் என்போம். நேர்ச்சாலையில் இது தொல்லை. காட்டு வளைவில் ஆபத்து.

போதாக்குறைக்கு, குவாட்ரோவின் எஞ்சின் முன்னச்சுக்கும் முன்னால் தொங்கியது. மூக்கு கனத்த காரைத் திருப்பினால் அது நேராகவே போகப் பார்க்கும். இவை இரண்டையும் ஓட்டுநர்கள் காலால் தீர்த்தார்கள். வலது வளைவு வருகிறது என்று வையுங்கள். வளைவுக்குச் சற்று முன்னால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில், இடப்பக்கம், ஒரு வெட்டு வெட்டுவார். காரின் எடை வலப்பக்கம் சாயும். அது மீண்டு வரும் நொடியில் வலப்பக்கம் திருப்பினால், அந்த ஊசலாட்டமே வாலை வெளியே வீசும். இதற்கிடையில் வலது கால் ஆக்ஸிலரேட்டரை விடாது. கிளட்ச் மிதிக்க வேண்டிய இடது கால் பிரேக்கில் இருக்கும். மிதிப்பதும் நிறுத்துவதும் ஒரே நேரத்தில்! பிரேக் காரின் எடையை முன்டயர்கள் மேல் கொண்டுவருவதால் அவை நிலத்தைக் கவ்வும், மூக்கு திரும்பும். ஆக்ஸிலரேட்டரை விடாததால் புகை ஓடிக்கொண்டே இருக்கும், டர்போ தூங்காது. வளைவு முடியும் இடத்தில் பிரேக்கை விட்டால், முழு வலுவும் ஆயத்தமாக நிற்கும். சாபின் சிற்றெஞ்சின் காரை வைத்துக்கொண்டு 1960-களிலேயே எரிக் கார்ல்சன் இடது கால் பிரேக்கில் வித்தை காட்டியிருந்தார். டர்போ யுகம் அதே வித்தைக்கு இன்னொரு வேலை கொடுத்தது.

1982-ல் வந்த குரூப் பி என்ற ராலிக் கார்ப் பிரிவின் விதிகள் பொறியாளர்களை அவிழ்த்துவிட்டன. 200 கார்கள் செய்தால் போதும், பந்தயத்துக்கு ஏற்பு கிடைத்துவிடும். மேம்பட்ட வடிவம் வேண்டுமா? இன்னும் 20 செய்தால் போதும். எஞ்சினின் கொள்ளளவுக்கு ஏற்பக் குறைந்தபட்ச எடை. டர்போ இருந்தால் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்க வேண்டும். இங்கே கணக்கு வாத்தியார் பந்தயத்துக்குள் நுழைந்தார். குவாட்ரோவின் 2144 சிசியைப் பெருக்கினால் 3001.6. ஒன்றரைச் சொச்ச சிசியால் 3000-ஐத் தாண்டி, கனமான பிரிவில் மாட்டிக்கொண்டது. பிறகு சிலிண்டரைச் சற்றே சுருக்கித் தப்பித்தார்கள். பெஜோ தன் 205 டி16-க்கு 1775 சிசி வைத்தது: பெருக்கினால் 2485. லான்சியா டெல்டா எஸ்4-க்கு 1759. இரண்டும் 2500-க்குள், அந்தப் பிரிவில் குறைந்தபட்ச எடை 890 கிலோதான். இரண்டு கார்களும் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தன. ஆடியின் கனத்த மூக்கு அவற்றுக்கு இல்லை. இடையில் 1983-ல், பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்ட லான்சியா 037 இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஆடியிடமிருந்து உற்பத்தியாளர் பட்டத்தைப் பறித்தது. பின்சக்கரக் கார் ஒன்றுக்குக் கிடைத்த கடைசி உலகப் பட்டம் அது.

டெல்டா எஸ்4 டர்போச் சுணக்கத்தைத் தீர்த்த விதத்துக்குத் தனிப் பாராட்டு தர வேண்டும். அதில் காற்றைத் திணிக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று சூப்பர்சார்ஜர். எஞ்சினோடு பட்டையால் பிணைந்து அது எப்போதும் சுற்றும், ஆகவே மிதித்த மறுகணம் வேலை செய்யும். ஆனால் வேகம் கூடக்கூட எஞ்சினின் வலுவையே அது தின்னும். அந்த நேரத்தில் டர்போ விழித்துவிடும். ஒரு வால்வு திறந்து சூப்பர்சார்ஜரை ஒதுக்கிவிடும். ஒருவர் களைக்கும் இடத்தில் மற்றவர் தோள் கொடுப்பார். விளைவு சுமார் 480 குதிரைத்திறன். நம் தெருவில் ஓடும் மாருதி ஸ்விஃப்டும் ஏறத்தாழ 900 கிலோதான்; அதன் வலு 80, 90 குதிரைத்திறன். அதே எடையில் ஐந்து மடங்குக்கும் மேலான வலுவை வைத்துக் காட்டுப் பாதையில் விடுவதை எண்ணிப் பாருங்கள். 1985 நவம்பரில் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் ஹென்றி தோய்வோனன் அதை ஓட்டினார். அந்தக் காரின் முதல் உலக ராலிச் சுற்றிலேயே வெற்றி.

எடை குறைப்புக்கு விலை இருந்தது. எஸ்4-ன் எரிபொருள் தொட்டிகள் இருக்கைகளுக்கு அடியில் இருந்தன. மேல்கூடு இலேசான கூட்டுப்பொருள், எளிதில் எரியும். 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் சாலையோரக் கூட்டத்துக்குள் ஃபோர்டு ஆர்எஸ்200 ஒன்று பாய்ந்து மூவர் இறந்தார்கள். மே 2 அன்று கோர்சிகாவில் தோய்வோனனின் கார் ஓர் இடது வளைவில் சாலையை விட்டு விலகி மரங்களுக்கிடையே விழுந்து தீப்பற்றியது. அவரும் பக்கத்திலிருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் பிழைக்கவில்லை. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு உடனே அறிவித்தது: 1987 முதல் குரூப் பி கிடையாது.

நூற்றுக்கணக்கான அசுரக் கார்கள் ஒரே நாளில் வேலையிழந்தன. அவற்றுக்குப் புகலிடம் தந்தது ராலிகிராஸ். இங்கிலாந்தின் லிடன் ஹில் தடத்தில் 1967 பிப்ரவரி 4 அன்று, தொலைக்காட்சிக்காகவே பிறந்த விளையாட்டு அது. காட்டுக்குள் கேமரா போக முடியாது என்பதால், ராலிக் கார்களைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். பாதி தார், பாதி மண் என்று ஒரு சிறு தடம். கார்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு புறப்பட வேண்டும். சில சுற்றுகளிலேயே ஆட்டம் முடிந்துவிடும். முதல் போட்டியை விக் எல்ஃபர்ட் போர்ஷ 911-ல் வென்றார். 1987-லிருந்து ஐரோப்பிய ராலிகிராஸில் குரூப் பி கார்கள் புகுந்தன. பெஜோ 205-ஐ வைத்து மட்டி அலமாகி 1988 முதல் தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றார்.

ராலியில் சோபிக்காத கார்கள்கூட இங்கே மறுபிறவி எடுத்தன. ஆர்எஸ்200-ன் அமைப்பு விசித்திரமானது. எஞ்சின் நடுவில், கியர் பாக்ஸ் முன்னால். எடை இரு அச்சிலும் சமமாக விழ வேண்டும் என்பதற்காக, ஆற்றல் முதலில் முன்னே போய், ஒரு பங்கு மட்டும் இன்னொரு தண்டு வழியாகப் பின்னச்சுக்குத் திரும்பும். நார்வேயின் மார்ட்டின் ஷாங்கே அதை வைத்து 1991 பட்டத்தை வென்றார். பிற்பாடு நடந்த ஒரு சோதனையில், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தை இந்தக் கார் 3.07 விநாடியில் தொட்டது.

எனக்கு மிகப் பிடித்த கதை எம்ஜி மெட்ரோ 6ஆர்4-னுடையது. ஆஸ்டின் ரோவர்காரர்கள் டர்போச் சுணக்கமே வேண்டாம் என்று, டர்போ இல்லாத மூன்று லிட்டர் வி6 எஞ்சினைப் புதிதாகவே வடித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கார் களத்துக்கு வந்த சில மாதங்களில் குரூப் பி முடிந்துபோனது. எஞ்சின் வடிவமைப்பை டாம் வாக்கின்ஷாவின் பந்தய நிறுவனம் வாங்கியது. அதைப் பெரிதாக்கி, இரண்டு டர்போக்களை மாட்டி, ஜாகுவார் எக்ஸ்ஜே220-க்குக் கொடுத்தார்கள். 1992-ல் அந்தக் கார் மணிக்கு 340 கி.மீ.யைத் தாண்டியது. அதே 1992-ல், குரூப் பி கார்களுக்கு ராலிகிராஸில் இடமிருந்த கடைசி ஆண்டில், ஐரோப்பியப் பட்டத்தை வென்றவர் பிரிட்டனின் வில் காலப். கார், மெட்ரோ 6ஆர்4. அவரும் அந்த எஞ்சினில் இரண்டு டர்போக்களை மாட்டியிருந்தார்.