சூட் அறையா, பங்க் படுக்கையா? கப்பல் பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

ஜங்லிகாட்: அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜய புரத்தின் முக்கிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று ஜங்லிகாட். 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்படும் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட இந்நகரில், சென்னையில் இருந்து வரும் பயணிகள் கப்பல்கள் ஜங்லிகாட்டை அடுத்துள்ள ஹாடோ துறைமுகத்தில் நிற்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவுகளில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையிலான கடல்வழி சுமார் 1,200 கிலோ மீட்டர். விமானத்தில் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் கடக்கும் இத்தொலைவுக்குக் கப்பலில் சுமார் 3 நாட்கள் ஆகும்.

எனவே, எந்த வகுப்பில் பயணம் செய்வது என்பது 3 இரவுகளின் உறக்கத்தைத் தீர்மானிக்கும் முடிவு.

அரசுக் கப்பலின் வகுப்புகள்

எம்.வி. நான்கவுரி, எம்.வி. நிகோபார், எம்.வி. ஸ்வராஜ் தீப் ஆகியவை இவ்வழித்தடத்தில் நீண்டகாலமாக அறியப்பட்ட கப்பல்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,200 பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடியவை. இவற்றில் உயர்ந்த வகுப்பு 'டீலக்ஸ்' அறை. இரண்டு படுக்கைகளும் உள்ளேயே குளியலறையும் கொண்டது. அடுத்து, பொதுவாக நால்வர் தங்கும் முதல் வகுப்பு, ஆறு பேர் வரை தங்கும் இரண்டாம் வகுப்பு. கடைசியாக, பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட 'பங்க்' வகுப்பு. இங்கு கழிவறைகள் பொதுவானவை. வசதிகள் கப்பலுக்குக் கப்பல் மாறுபடும்.

தீவுவாசிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. உணவுக்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டும். பங்க் வகுப்பில் செல்வோர் விரிப்பு, போர்வை ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்வது நல்லது.

டீலக்ஸ் அறைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. உயர் சிகிச்சைக்காகச் சென்னை சென்று திரும்பும் நோயாளிக்கோ, நடமாட முடியாத முதியவருக்கோ, அறைக்குள்ளேயே இருக்கும் கழிவறை ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம். சுற்றுலாப் பயணியும் நோயாளியும் அதே சில அறைகளுக்காகக் காத்திருக்கும் நிலை இதனால் ஏற்படுகிறது. விமானத்தில் செல்ல வாய்ப்பில்லாத குடும்பங்களுக்கு இதன் பாதிப்பு அதிகம்.

சொகுசுக் கப்பலின் 'சூட்'

சொகுசுக் கப்பல் இதிலிருந்து வேறுபட்டது. அங்கு பயணமே சுற்றுலா. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்துத் தொடங்கி வைத்த கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் தமிழ்நாட்டினருக்கு அறிமுகமான எடுத்துக்காட்டு. 1990இல் கட்டப்பட்ட இக்கப்பலில் சன்னல் இல்லாத உள் அறை, கடல் தெரியும் அறை, சிறிய சூட், சூட் எனப் பல படிநிலைகள் உள்ளன.

சூட் என்பது பொதுவாகப் படுக்கைப் பகுதியுடன் தனியாக அமரும் இடமும், பெரும்பாலும் பால்கனியும் கொண்ட பெரிய அறை. கப்பலில் ஏறும்போது முன்னுரிமை, தனி உதவியாளர் போன்ற சலுகைகளையும் பல நிறுவனங்கள் சேர்த்து வழங்குகின்றன.

விளம்பரங்களில் காணப்படும் கட்டணம் பெரும்பாலும் இருவர் தங்கும்போது ஒருவர் செலுத்த வேண்டிய தொகை. தனியாகத் தங்கினால் கூடுதல் கட்டணம் வசூலிக்கப்படலாம். துறைமுகக் கட்டணம், வரி, சேவைத் தொகை, பானங்கள் ஆகியவை உள்ளடங்கியுள்ளனவா, பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை முன்பதிவுக்கு முன்பே எழுத்துப்பூர்வமாக உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விலை உயர்ந்த அறை, அசைவு குறைந்த அறை அல்ல

அலையில் கப்பல் ஏற்றப் பலகை போல முன்னும் பின்னும் எழுந்து தாழும். நடுப்பகுதியில் அசைவு குறைவு, முனைகளில் அதிகம். பக்கவாட்டில் சாயும்போது மேல்தளங்கள் கீழ்த்தளங்களை விட அதிகம் ஆடும். சூட் அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களிலும், சில கப்பல்களில் முன், பின் முனைகளிலும் அமைந்திருக்கும். எனவே, தலைச்சுற்றல், வாந்தி எளிதில் ஏற்படுவோருக்கு நடுப்பகுதியில் உள்ள கீழ்த்தளத்துச் சாதாரண அறையே ஏற்றது. நவீன சொகுசுக் கப்பல்களில் உள்ள நிலைப்படுத்தும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும்; முற்றிலும் நீக்காது.

வங்கக் கடல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலைகள் உயரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்களுக்கு வாய்ப்புண்டு. குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையுடன், கப்பலில் ஏறுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டால்தான் பயன் அதிகம். குமட்டல் தொடங்கினால், மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது உதவும்.

பாதுகாப்பில் வகுப்பு வேறுபாடு இல்லை

2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கடற்கரை அருகே 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சர்வதேச விதிகள் திருத்தப்பட்டன. 24 மணி நேரத்துக்கு மேல் கப்பலில் இருக்கவுள்ள புதிய பயணிகளுக்கு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அவசரக்காலப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்ற விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

சூட் அறையில் தங்குபவரும் இதில் பங்கேற்றாக வேண்டும். எந்த வகுப்பில் பயணம் செய்தாலும், அறைக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: உயிர்காப்பு அங்கி இருக்கும் இடம், அவசரக் காலத்தில் கூட வேண்டிய இடம், அங்கு செல்லும் வழி.